குடோனில் ரோபோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடோன் வேலையில் 17 வருடம் ஓடிவிட்டது. அதில் கடைசி ஏழு வருடம் தானியங்கி ரேக்குகளோடும் ரோபோக்களோடும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் "தம்பி எங்கே வேலை பார்க்கிறீங்க?" என்று யாராவது ஆரம்பித்துவிட்டால் போதும், பந்தி முடிகிற வரைக்கும் கேள்விகள் வரும். சொந்தமாகக் கிடங்கு வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள், டிப்ளமோ முடித்த பையன்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருபவற்றுக்குப் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரோபோ என்றால் கை, கால், தலை எல்லாம் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. கிடங்கில் ஓடுகிற ரோபோக்களில் பாதிக்கு மேல் பெரிய எடை மெஷினுக்குச் சக்கரம் வைத்த மாதிரிதான் இருக்கும். முழங்கால் உயரம்கூட வராது. இன்னொரு வகை, ரேக்குகளுக்கு நடுவே தண்டவாளத்தில் ஓடும் உயரமான கிரேன். அதைப் பார்த்தால் ரோபோ என்றே யாருக்கும் தோன்றாது. மனித உருவ ரோபோவும் வந்துவிட்டது. டிஜிட் என்ற இரண்டு கால் ரோபோ அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிடங்கு ஒன்றில் 2024இல் டப்பா சுமக்கும் வேலையில் சேர்ந்தது. வீடியோவில் அதுதான் ஓடும். உண்மையில் சரக்கை நகர்த்துவது தட்டை ரோபோவும் கிரேனும்தான்.

ஆள் வைத்தே செய்யலாமே, எதற்கு இவ்வளவு செலவு?

நடைக்காக. ஒரு ஆர்டரில் ஒரு சோப்பு, ஒரு சார்ஜர், ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றும் குடோனின் மூன்று மூலையில். ரேக்கிலிருந்து கையால் எடுக்க ஐந்து விநாடி. அங்கே போய்ச் சேர இரண்டு நிமிடம். பிக்கிங் (ஆர்டருக்கான பொருளைத் தேடி எடுக்கும் வேலை) செய்கிறவரின் நேரத்தில் பாதிக்குப் பாதி நடையிலேயே போகிறது என்பது இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் பையன்கள் முதலில் கழற்றுவது ஷூவை.

இரண்டாவது காரணம் இடம். சரக்கைத் தூக்கிச் செல்லும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி திரும்பி வர ரேக்குகளுக்கு நடுவே மூன்றரை மீட்டர் வழி விட வேண்டும். கிரேன் என்றால் ஒன்றரை மீட்டர் போதும். ஃபோர்க்லிஃப்ட் எட்டாத உயரத்துக்கும் அது போகும். இடவாடகை கட்டுகிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஆக, ரோபோ முதலில் வாங்கிக்கொண்டது காலின் வேலையை. கையின் கதை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது அமேசான் கொண்டுவந்ததுதானே?

இல்லை, அதைவிடப் பழையது. அமெரிக்காவில் பாரெட் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1950களின் நடுவிலேயே கம்பியைப் பின்பற்றித் தானாகப் போகும் இழுவை வண்டியைச் செய்துவிட்டது. ஜெர்மனியின் குட்டர்ஸ்லோ நகரில் பெர்டெல்ஸ்மன் பதிப்பகத்துக்காக டெமாக் நிறுவனம் 1962இல் 20 மீட்டர் உயரத்தில் ரேக் கிடங்கு கட்டியது. இன்று நாம் பார்க்கும் உயர்ந்த ரேக் கிடங்குகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. அடுத்த சில வருடங்களில் ஜப்பானின் டைஃபுகு நிறுவனமும் இதில் இறங்கியது.

அமேசான் கதை அப்புறம் வருகிறது. வெப்வேன் என்று ஆன்லைன் மளிகைக் கம்பெனி ஒன்று அமெரிக்காவில் இருந்தது. 2001இல் திவாலாகி மூடினார்கள். அங்கே வேலை பார்த்த மிக் மவுன்ட்ஸ், ஆர்டர் ஒன்றைக் கட்டி அனுப்பவே இவ்வளவு செலவாகிறதே என்று யோசித்து, பீட்டர் வர்மன், ரஃபயேலோ டி ஆண்ட்ரியா ஆகியோருடன் கிவா சிஸ்டம்ஸைக் கட்டி எழுப்பினார். 2003இல் தொடங்கிய அந்தக் கம்பெனியை 2012இல் அமேசான் 77.5 கோடி டாலருக்கு வாங்கியது.

வாங்கியதும் மற்றவர்களுக்கு விற்பதை மெல்ல நிறுத்திவிட்டது. இதில்தான் வேடிக்கை. கிவாவை நம்பியிருந்த கிடங்குகள் நடுத்தெருவில் நின்றன. அப்படி நின்ற ஒரு கம்பெனியிலிருந்து பிறந்ததுதான் லோகஸ் ரோபாட்டிக்ஸ். சீனாவில் கீக்பிளஸ் வந்தது, இந்தியாவில் கிரேஆரஞ்சு வளர்ந்தது. அமேசானிடம் இப்போது 10 லட்சம் ரோபோக்கள் ஓடுகின்றன என்று 2025இல் அந்த நிறுவனமே அறிவித்தது. அன்றைக்குக் கதவை அடைக்காமல் இருந்திருந்தால் இத்தனை போட்டியாளர்கள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஏஎஸ்ஆர்எஸ் என்கிறார்களே, அது என்ன?

சரக்கைத் தானே கொண்டுபோய் வைத்து, கேட்டால் தானே எடுத்துத் தரும் ரேக் அமைப்பு. இரண்டு பக்கமும் ரேக், நடுவில் ஒற்றைத் தண்டவாளம், அதில் ஒரு கம்பம் ஓடும். கம்பத்தில் ஏறி இறங்கும் தட்டு பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய பலகை மேடையை, தூக்கிச் செல்லும். பெயின்ட், டயர், மருந்து மாதிரி பேலட் பேலட்டாக வந்து பேலட் பேலட்டாகப் போகும் சரக்குக்கு இது நல்ல தோது. சில இடங்களில் கட்டடத்துக்கென்று தனித் தூணே இருக்காது. ரேக்கின் மேலேயே கூரையையும் சுவரையும் பொருத்திவிடுவார்கள். நம் கோவையின் கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன் இந்த வகை ரேக்கும் கிரேனும் செய்து தருகிறது.

குறை என்னவென்றால், ஒரு சந்துக்கு ஒரு கிரேன். அது படுத்துவிட்டால் அந்தச் சந்தில் இருக்கும் ஆயிரம் பேலட்டும் பூட்டிய பெட்டிதான். அதனால் வேகமாகப் போகும் சரக்கை ஒரே சந்தில் அடுக்காமல் எல்லாச் சந்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைப்பது வழக்கம்.

ஷட்டில் என்பதும் அதுதானா?

உறவுக்காரர். கிரேனுக்குப் பதில், ரேக்கின் ஒவ்வொரு தளத்திலும் தட்டையான வண்டி ஓடும். ஏற்றி இறக்க லிஃப்ட் தனியாக இருக்கும். கோல்டு ஸ்டோரேஜில் இதன் அருமை தெரியும். மைனஸ் 20 டிகிரியில் ஆள் உள்ளே நின்று வேலை செய்ய முடியாது, அடிக்கடி வெளியே வந்து சூடேறிவிட்டுத்தான் போக வேண்டும். வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, அதற்கேற்ற பேட்டரி போட்டால் போதும்.

அலமாரியே நடந்து வருமாமே?

வரும். கிவா செய்தது இதைத்தான். தரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சின்ன ஸ்டிக்கர்கள், கியூஆர் கோடு மாதிரி. ரோபோவின் வயிற்றில் இருக்கும் கேமரா அவற்றைப் படித்துக்கொண்டே போகும். வேண்டிய அலமாரிக்கு அடியில் நுழைந்து நடுவில் நிற்கும். பழைய கிவா ரோபோ தூக்கும் விதத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது: மேல்தட்டை அப்படியே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் சுற்றும், உள்ளே இருக்கும் பெரிய திருகு அலமாரியை மெல்ல மேலே தள்ளும். அம்மி மாதிரி அடியில் சுற்றுகிறது, மேலே இருக்கும் சோப்பு டப்பா ஆடுவதே இல்லை.

பிக்கிங் செய்பவர் ஓரிடத்தில் நிற்பார். அலமாரிகள் தரிசன வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதல் அலமாரி முன்னால் வந்ததும் எந்த அறையில் கை விட வேண்டும் என்று ஒளிப்புள்ளி காட்டும், திரையில் பொருளின் படம் வரும். எடுப்பார், ஸ்கேன் செய்வார், பக்கத்தில் விளக்கெரியும் டப்பாவில் போடுவார், பொத்தானை அழுத்துவார். அலமாரி நகரும், அடுத்தது வந்து நிற்கும். மூச்சு விட நேரமிருக்காது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், வேலை பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

ஒரே சரக்கைப் பத்து இடத்தில் பிரித்து வைக்கிறார்களே, குழப்பமாகாதா?

மனிதருக்குத்தான் ஆகும். கணினிக்கு எது எங்கே என்று தெரிந்தால் போதும், ஒழுங்காக இருக்க வேண்டியதில்லை. ஷாம்பூவுக்குப் பக்கத்தில் பொம்மை, அதற்குக் கீழே மிக்ஸி ஜாடி என்று கிடக்கும். அதில் நன்மையும் உண்டு. ஒரே ஷாம்பூ பத்து அலமாரியில் இருந்தால், பக்கத்தில் இருக்கும் அலமாரியை அழைக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு பொருள் அடுத்தடுத்து இல்லாததால் கை மாறி எடுப்பதும் குறையும்.

மளிகைக்கடை அண்ணாச்சி இதைக் கணினி இல்லாமலே செய்துகொண்டிருக்கிறார். தினமும் போகிற தீக்குச்சியும் சர்க்கரையும் கைக்கெட்டும் தூரத்தில், வருடத்துக்கு ஒருமுறை போகிற சரக்கு பரணில். எது எங்கே என்பது அவர் தலைக்குள். அவர் ஊருக்குப் போனால் கடைப் பையன் தடுமாறுவான்.

டப்பாவுக்கு மேல் டப்பாவாக அடுக்கி மேலே ரோபோ ஓடுமே, அதில் அடியில் இருப்பதை எப்படி எடுப்பது?

நார்வேக்காரர்களின் ஆட்டோஸ்டோர் பற்றிக் கேட்கிறீர்கள். ரேக்குகளுக்கு நடுவே வழி விடுவதுகூடக் காற்றைச் சேமித்து வைக்கிற மாதிரிதானே என்று யோசித்து வழியையே எடுத்துவிட்டார்கள். அலுமினியக் கம்பங்களால் கட்டிய கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து மீட்டருக்கு மேலும் உயரும். மேற்பரப்பில் சக்கர ரோபோக்கள் ஓடி, கயிற்று வாளி மாதிரிப் பிடியை இறக்கி டப்பாவைத் தூக்கும். ஒரு டப்பாவில் 30 கிலோ வரை வைக்கலாம்.

பத்தாவது டப்பா வேண்டுமென்றால் மேலே உள்ள ஒன்பதையும் எடுத்துப் பக்கத்துக் கட்டங்களில் வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. ஆனால் எடுத்த டப்பா திரும்பி வரும்போது மேலேதான் வைக்கப்படும். இப்படியே ஓட ஓட, அடிக்கடி போகிற சரக்கு தானாக மேலே வந்துவிடும், போகாதது அடியில் தங்கும். பீரோவில் தினம் உடுத்தும் சேலை மேலேயும் கல்யாணப் பட்டு அடியிலும் போய்விடுவது மாதிரி. நாளைய ஆர்டர்கள் ராத்திரியே தெரிந்துவிட்டால், ஆளில்லாத நேரத்தில் ரோபோக்கள் தோண்டி மேலே எடுத்து வைத்துவிடும்.

எல்லாச் சரக்கும் ஒரே வேகத்தில் போகிற கிடங்குக்கு இது சரிப்படாது. தோண்டியே பொழுது போய்விடும்.

ஏஜிவி, ஏஎம்ஆர் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஆளில்லாமல் தானாக ஓடும் வண்டிகள். ஏஜிவி போட்ட கோட்டில் போகும். குறுக்கே டிராலி நின்றால் அங்கேயே நின்றுவிடும். ஏஎம்ஆர் லேசர் கண்ணால் சுற்றுப்புறத்தை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, சுற்றிக்கொண்டு போகும். விற்க வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள், ஜாக்கிரதை.

மனிதர் குறுக்கே போனால் இடிக்காதா?

அலமாரி சுமக்கும் ரோபோக்கள் ஓடும் பகுதிக்கு வேலி உண்டு. கதவைத் திறந்தால் அந்தப் பகுதி நின்றுவிடும். கீழே விழுந்த பொருளை எடுக்க உள்ளே போகிறவர் அணிய ஒரு சிறப்பு அரைச்சட்டையையே அமேசான் செய்திருக்கிறது. அதன் சிக்னலைக் கண்டு ரோபோக்கள் வேகம் குறைத்து விலகும். வேலியில்லாமல் ஆட்களோடு ஓடும் ஏஎம்ஆரில் லேசர் ஸ்கேனர் இருக்கும், கால் தெரிந்தால் நின்றுவிடும். பயம் எனக்கு ஃபோர்க்லிஃப்ட் மேல்தான் அதிகம்.

இவ்வளவு செய்கிற ரோபோ, பொருளை எடுக்க மட்டும் ஏன் ஆளைத் தேடுகிறது?

இதுதான் நான் மேலே பாக்கி வைத்த கதை. உங்கள் பையில் கண்ணை மூடிக் கை விட்டு வீட்டுச் சாவியை எடுத்துவிடுவீர்கள். தொட்டதும் இது பேனா, இது சில்லறை என்று விரலுக்குத் தெரியும். ரோபோவுக்கு அந்த விரல் இல்லை. பளபளக்கும் கவர் கேமராவை ஏமாற்றும், வலைப்பையில் இருக்கும் பந்தை உறிஞ்சிப் பிடிக்க முடியாது, மெல்லிய புத்தகம் அட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வரும்.

2015இல் அமேசான் இதற்காகப் போட்டியே நடத்தியது. அலமாரியில் இருந்து 12 பொருள், நேரம் 20 நிமிடம். முதல் பரிசு வாங்கிய பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணியின் ரோபோ எடுத்தது பத்து. எங்கள் பையன் ஒருவன் அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. உறிஞ்சு கையும் நல்ல கேமராவும் உள்ள இயந்திரங்கள் பல இடங்களில் ஓடுகின்றன. தொடு உணர்வு உள்ள வல்கன் என்ற ரோபோவை அமேசான் 2025இல் காட்டியது. ஆனாலும் எல்லாப் பொருளையும் எடுக்கும் கை இன்னும் மனிதக் கைதான்.

தீப்பிடித்தால்?

பயப்பட வேண்டிய விஷயம்தான். இங்கிலாந்தின் ஆண்டோவரில் ஒகாடோ என்ற ஆன்லைன் மளிகை நிறுவனத்தின் ரோபோ கிடங்கு 2019 பிப்ரவரியில் எரிந்து முற்றிலும் அழிந்தது. சார்ஜ் ஏற்றும் இடத்தில் மின்கோளாறு, அதில் ஒரு ரோபோவின் பிளாஸ்டிக் மூடி பற்றிக்கொண்டது. ஆரம்பம் அவ்வளவுதான். 2021இல் அதே நிறுவனத்தின் எரித் கிடங்கில் மூன்று ரோபோக்கள் மோதியதில் தீ. இந்த முறை சேதம் சின்னது, சில நாளில் திறந்துவிட்டார்கள்.

நெருக்கி அடுக்கிய டப்பாக்களுக்குள் தண்ணீர் இறங்காது, ஆளும் நுழைய முடியாது. வாய் திறந்த டப்பா மேலேயிருந்து வரும் தண்ணீரைத் தான் பிடித்து வைத்துக்கொள்ளும், கீழே விடாது. எனவே ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் மேலிருந்து தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) வடிவமைப்பை ரேக் விற்பவரிடம் மட்டும் விடாமல் தீயணைப்பு வல்லுநரிடம் தனியாகக் காட்டுங்கள். இன்ஷூரன்ஸ்காரரை ஆர்டர் போட்ட பிறகு கூப்பிடாதீர்கள், முன்னாலேயே கூப்பிடுங்கள்.

கரண்ட் போனால், வைஃபை போனால்?

பேட்டரி ரோபோக்கள் நின்ற இடத்தில் பத்திரமாக நிற்கும். கிரேன் பேலட்டோடு நடுவானில் நிற்கும். பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், கரண்ட் வந்ததும் மெதுவாக இறக்கலாம். ஜெனரேட்டர் நம்மூரில் எல்லோரிடமும் இருக்கிறது. சர்வருக்கு யுபிஎஸ் போட மறந்துவிடுகிறார்கள். எந்த டப்பா எந்தக் கட்டத்தில் என்ற நினைவு அங்கேதான் இருக்கிறது. அண்ணாச்சி இல்லாத கடையை மேலே சொன்னேன் அல்லவா?

வேலை போய்விடுமா?

மழுப்பாமல் சொல்கிறேன். நடந்து நடந்து எடுக்கிற வேலை குறையும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களும் குறைவார்கள். பராமரிப்பு, சிஸ்டம் கண்காணிப்பு ஆகியவற்றுக்குப் புதிதாக ஆள் வேண்டும், ஆனால் போகிற எண்ணிக்கை அளவுக்கு வராது. போனவரும் வருகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை.

இருக்கிற வேலையும் மாறுகிறது. முன்பு நடக்கும்போது உடம்பு கொஞ்சம் ஆறும். இப்போது அலமாரி வந்துகொண்டே இருக்கிறது, ஒரே தோள், ஒரே மணிக்கட்டு, அதே அசைவு, மணிக்கணக்கில். ரோபோ உள்ள அமேசான் கிடங்குகளில் காயங்கள் அதிகம் என்று 2020இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்களின் புலனாய்வு ஒன்று சொன்னது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. நான் பார்த்தவரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை இடம் மாற்றிப் போடுகிற கிடங்கில் தோள்வலி என்று லீவு போடுகிறவர்கள் குறைவு.

என் குடோன் சின்னது. எனக்கு ஏதாவது ஒத்துவருமா?

ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாதிரி என்றால் செங்குத்து லிஃப்ட் அலமாரி பாருங்கள். ஆள் உயரத்தில் ஒரு ஜன்னல், பின்னால் தட்டுகள் அடுக்கியிருக்கும், கேட்ட தட்டு இறங்கி வரும். சின்ன இடத்தில் நிறையப் பொருள் அடங்கும். ரோபோக்களை மாத வாடகைக்குத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். தீபாவளி சீசனுக்குக் கூட்டிக்கொண்டு பிறகு குறைக்கலாம். ஒரே ஷிஃப்ட் ஓடுகிற குடோனுக்குப் பெரிய அமைப்பு போட்டால் பணம் திரும்ப வருவது கஷ்டம்.

வாங்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பேலட்டை. சிரிக்காதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் புத்தம் புது கிரேன் ஓட ஆரம்பித்த மூன்றாவது நாள் நின்றுவிட்டது. சரக்கு ஏற்றி அனுப்பும் டிஸ்பேட்ச்சில் இரண்டு லாரி காத்திருக்கிறது. வெளியூர் இன்ஜினியரோடு போனில் பேசி, பேனலைத் திறந்து, எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பெல்ட் கட்டி மேலே ஏறிப் போன பராமரிப்புத் தம்பி கையில் ஒன்றரை அடி ஸ்ட்ரெச் ஃபிலிமோடு (சரக்கைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் தாள்) இறங்கி வந்தான். பேலட்டைச் சுற்றியவர் நுனியை ஒட்டாமல் விட்டுவிட்டார். அது தொங்கி சென்சார் கண்ணை மறைத்துவிட்டது. சரக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கிரேன் நினைத்துக்கொண்டது. அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. மூன்று மணி நேரம் போனது.

இன்னொரு முறை, சரக்கை உள்ளே வாங்கும் இன்வர்டில் இருந்தவர் அவசரத்தில் ஒரே ஸ்டிக்கரை இரண்டு முறை ஸ்கேன் செய்து, வேறு பேட்ச் பேலட்டையும் சேர்த்து உள்ளே அனுப்பிவிட்டார். பழைய குடோனாக இருந்தால் யாராவது கடந்து போகும்போது கண்ணில் பட்டிருக்கும். இங்கே ஆளே போகாத 15 மீட்டர் உயரத்தில் அது நான்கு மாதம் உட்கார்ந்திருந்தது.

அதனால் உடைந்த பலகை உள்ள பேலட், கிழிந்த பார்கோடு, கணக்கில் இருந்து ரேக்கில் இல்லாத ஸ்டாக் ஆகியவற்றை முதலில் சரிசெய்யுங்கள். தரை சமமா என்று அளந்து பாருங்கள். இதையெல்லாம் செய்து முடித்த ஒருவர், "ரோபோ வாங்காமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதே" என்று எனக்கு போன் செய்தார். வாங்குவதைத் தள்ளிப் போட்டுவிட்டார்.

இந்தத் துறையில் சேர என்ன படிக்க வேண்டும்?

எலக்ட்ரிக்கல், மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமோ, ஐடிஐ எதுவும் சரி. பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் சின்னக் கணினி), சென்சார், மோட்டார் டிரைவ், கொஞ்சம் நெட்வொர்க் தெரிந்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள். நொய்டாவின் ஆட்வெர்ப் போன்ற இந்திய நிறுவனங்கள் இங்கேயே ரோபோ செய்கின்றன; ரிலையன்ஸ் 2022இல் அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை வாங்கியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கிடங்குகளுக்குக் குறைவில்லை.

நேர்முகத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன். லாரி நிற்கிறது, கடைசி பேலட்டின் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, ஸ்கேன் ஆகவில்லை, என்ன செய்வீர்கள்? எண்ணைக் கையால் அடித்து அனுப்பிவிடுவேன் என்பவர்கள்தான் அதிகம். போன மாதம் வந்த ஒரு பெண், "சார், அந்த ஸ்டிக்கர் எங்கே கிழியுதுன்னு முதல்ல பார்ப்பேன், எல்லா பேலட்டும் அங்கேதானே உரசிக்கிட்டு வரும்" என்றார். திங்கட்கிழமை சேர்ந்தார். கன்வேயர் திருப்பத்தில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்ததை அந்த வாரமே கண்டுபிடித்தார்.